கடைமடைத் தசைகள்



மருத்துவம் பற்றிய பொழிவு தமிழில்தான் நிகழ வேண்டும் என்று இந்தப் பொழிவை நடத்தும் அறக்கட்டளையை ஏற்படுத்தியவர்கள் விதித்திருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருளுக்கு அந்த விதி மிகவும் பொருந்துகிறது. ரத்த ஓட்டம் குறைந்து நலிந்துபோன தசையை உயிரணுக்களைச் செலுத்தி மீட்க முடியுமா என்பதே என் பொருள். இதைப் பற்றி நம் மக்களின் காதுக்கு எட்டுவதில் பெரும்பகுதி, சிகிச்சையை விற்பவர்களின் விளம்பரங்கள் வழியாகவே எட்டுகிறது. காலை எடுக்க வேண்டும் என்று கேள்விப்பட்டு நடுங்கிப்போய் வருகிறவர், "ஸ்டெம் செல் போட்டா காலைக் காப்பாத்திடலாமாமே சார்?" என்று கேட்கிறார். ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. அந்தப் பதிலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்வதற்கே இந்த மேடையைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

நான் ரத்தநாள அறுவை மருத்துவன். எனக்கு அன்றாடம் பழக்கமான தசை காலில் இருக்கிறது. ஆனாலும் இன்று இதயத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். உயிரணு சிகிச்சையின் வரலாற்றில் காலும் இதயமும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டே நடந்திருக்கின்றன. இங்கே பிறந்த நம்பிக்கை அங்கே போயிருக்கிறது; அங்கே நேர்ந்த தவறு இங்கேயும் நிழல் விழுத்தியிருக்கிறது.

முதலில் நோய். நடக்கும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டுவிடும். மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும். வயதாகிவிட்டது, வாயுப் பிடிப்பு, நரம்புத் தளர்ச்சி என்று ஆளுக்கொரு பெயர் வைத்துத் தைலம் தேய்ப்பதில் காலம் ஓடிவிடும். அப்புறம் படுத்திருக்கும்போதே பாதம் எரியத் தொடங்கும். கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டால்தான் சிறிது கண்ணயர முடியும். எஞ்சியிருக்கும் கொஞ்சம் ரத்தம் தன் எடையால் பாதத்துக்கு இறங்குவதால் கிடைக்கிற ஆறுதல் அது. உட்கார்ந்தபடியே இரவைக் கழிக்கும் இந்த நோயாளிகளை எந்தப் பெரிய மருத்துவமனையிலும் காணலாம். அதற்கடுத்த கட்டம் விரல் நுனியில் ஆறாத புண், கருமை, அழுகல்.

தமனி மேலே எங்கோ அடைபட, தவிப்பதோ கீழே கெண்டைச்சதையும் பாதமும். ஆற்றுப் பாசனத்தில் கடைமடை வயலுக்கு நேர்வதுதான் இங்கும் நேர்கிறது. மதகில் நீர் குறைந்தால் தலைமடை எப்படியோ சமாளிக்கும், கடைமடை காயும். நீர் ஏறாத கடைமடையில் எவ்வளவு உயர்ந்த நாற்றைக் கொண்டுபோய் நட்டாலும் பயிர் நிற்காது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் நான் சொல்லப்போகும் பல ஆய்வுகளின் முடிவு வியப்பளிக்காது.

தசைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ரத்தம் முற்றிலும் நின்றுபோனால் கால்தசை நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும். இதயத்தசைக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அரைமணி நேரத்துக்குள்ளேயே அணுக்கள் மடியத் தொடங்கும். சில மணி நேரத்தில் சேதம் பெரும்பாலும் முடிந்துவிடும். மாரடைப்பில் இடது கீழறையின் அணுக்களில் நூறு கோடி வரை இறந்துபோகக்கூடும். அந்த இடத்தை நார்த்தழும்பு நிரப்புகிறது. தழும்பு கிழியாமல் காக்கும், சுருங்கி விரியாது.

கால்தசையில் கதை வேறு. 1961-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் அலெக்சாண்டர் மாரோ, தவளையின் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். தசைநாரின் உறைக்கும் நாருக்கும் இடையே ஒட்டிக்கொண்டிருந்த சின்னஞ்சிறு அணுக்கள் அவர் கண்ணில் பட்டன. இவை தசை மறுபடி வளர்வதற்கு உதவக்கூடும் என்று அந்தச் சிறு கட்டுரையிலேயே அவர் ஊகித்தார். நாரை ஒட்டி வாழும் இந்தத் துணையணுக்கள்தாம் தசையின் சொந்தக் குருத்தணுக்கள், அதாவது ஸ்டெம் செல்கள். அடிபட்டால் விழித்துப் பெருகி, ஒன்றோடொன்று இணைந்து புது நார்களாகும். எலிகளில் இவற்றை மட்டும் அழித்துப் பார்த்த ஆய்வுகள் 2011-இல் வெளிவந்தன. தசை மீளவே இல்லை. கடுமையான உடற்பயிற்சிக்குப் பிறகு இரண்டு நாள் வலித்து, அப்புறம் முன்னைவிட உரமாகும் நம் தசையில் இந்தப் பழுதுபார்ப்புப் பணி ஓசையின்றி நடக்கிறது.

துணையணு தனியாக வேலை செய்வதில்லை. ரத்தத்திலிருந்து வந்து சேரும் மேக்ரோபேஜ் என்னும் விழுங்கணுக்கள் முதலில் இறந்த நார்களை அப்புறப்படுத்துகின்றன. பிறகு தம் இயல்பை மாற்றிக்கொண்டு, துணையணுக்களை முதிரச் செய்யும் வேதிக்குறிகளை வெளியிடுகின்றன. அந்த மாற்றம் நிகழாவிட்டால் அழற்சி நீண்டு, தசை இருக்க வேண்டிய இடத்தில் நாரும் கொழுப்பும் படிகின்றன. நாள்பட்ட அடைப்பு உள்ளவரின் கெண்டைச்சதையை ஊசியால் எடுத்து ஆராய்ந்தால் இதைத்தான் காண்கிறோம்: மெலிந்த நார்கள், சரியாக இயங்காத மைட்டோகாண்ட்ரியாக்கள், இடையிடையே தழும்பு. ஆகவே அடைப்பை நீக்கி ரத்தத்தைத் திறந்துவிட்ட பிறகும் சிலருக்கு நடை முழுமையாகத் திரும்புவதில்லை. குழாயைச் சரிசெய்தால் வேலை முடிந்தது என்று என் துறையினர் நெடுநாள் எண்ணிவந்தோம். தசையும் நோய்ப்பட்டிருக்கிறது என்ற அறிவு எங்களுக்குத் தாமதமாகவே வந்தது.

இதயத்துக்கு இப்படி ஒரு துணையணு உண்டா? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த விதத்தை மாணவர்களுக்காகக் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. காற்றில் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பன் ஏறக்குறைய இரு மடங்கானது. அத்தகைய சோதனைகளைத் தடைசெய்த 1963 ஒப்பந்தத்துக்குப் பின் அது படிப்படியாகக் குறைந்தது. அந்தக் கார்பன் தாவரங்களுக்குப் போய், உணவு வழியாக மனிதருக்கு வந்து, புதிதாகப் பிறக்கும் ஒவ்வோர் உயிரணுவின் டி.என்.ஏ.விலும் அந்த ஆண்டின் முத்திரையாகப் பதிந்தது. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃப்ரிசன், ஓலாஃப் பெர்க்மான் குழுவினர், இறந்தவர்களின் இதயத்தசை அணுக்களில் அந்த முத்திரையை அளந்தார்கள். மனிதனின் பிறந்த ஆண்டைவிட அவன் இதயத்தணுக்களின் பிறந்த ஆண்டு பிந்தியதாக இருந்தால் அவை புதிதாகத் தோன்றியவை. 2009-இல் விடை வெளியானது. இருபத்தைந்து வயதில் ஆண்டுக்கு ஒரு சதவீத இதயத்தசை அணுக்கள் புதுப்பிக்கப்படுகின்றன. எழுபத்தைந்து வயதில் அது அரை சதவீதத்துக்கும் கீழே போகிறது. வாழ்நாள் முழுவதும் சேர்த்தாலும் பாதிக்கும் மேற்பட்ட அணுக்கள் நம்மோடு பிறந்தவையே. அழிவுக்காகச் செய்த வெடிப்பு ஒன்று, இதயம் தன்னை எவ்வளவு மெதுவாகப் புதுப்பித்துக்கொள்கிறது என்று அளக்கும் கருவியானது. அந்த ஆய்வுக்கட்டுரையை எப்போது எடுத்துப் படித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஆண்டுக்கு ஒரு சதவீதம் என்பது பூச்சியமில்லை. ஆனால் ஒரே பகலில் நூறு கோடி அணுக்களை இழந்த இதயத்துக்கு அது எந்த வகையிலும் போதாது. எனவே இதயத்துக்கும் காலுக்கும் தேவை வேறு வேறு. காலுக்கு வேண்டியது ரத்தமும், துணையணுக்கள் வேலை செய்வதற்கு ஏற்ற சூழலும். இதயத்துக்கோ வெளியிலிருந்து தசையே வேண்டும். இந்த இரண்டையும் ஒரே ஊசியால் தீர்த்துவிடலாம் என்று இருபது ஆண்டுகள் நம்பியதுதான் இந்தத் துறையின் பெரிய பிழை என்பது என் கருத்து.

நம்பிக்கை பிறந்த இடம் பாஸ்டன். 1997-இல் டகயூக்கி அசஹாராவும் ஜெஃப்ரி ஈஸ்னரும், வளர்ந்த மனிதரின் ரத்தத்திலேயே ரத்தநாளச் சுவராக மாறக்கூடிய முன்னோடி அணுக்கள் சுற்றிவருகின்றன என்று அறிவித்தார்கள். கருவில் மட்டுமே புது நாளங்கள் இப்படி உருவாகும் என்று கருதப்பட்ட காலம் அது. ஐந்தே ஆண்டுகளில், 2002-இல், ஜப்பானிய மருத்துவர்கள் இதைக் காலில் செய்து பார்த்த முடிவை லான்செட் இதழில் வெளியிட்டார்கள். நோயாளியை மயக்கத்தில் வைத்து இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி எடுத்து, அதிலுள்ள ஒற்றை உட்கரு அணுக்களைப் பிரித்து, கெண்டைச்சதையில் சுமார் 40 இடங்களில் ஊசியால் செலுத்தினார்கள். இரு காலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு காலில் மஜ்ஜை அணு, மறு காலில் சாதாரண ரத்த அணு. மஜ்ஜை பெற்ற கால் தேறியது. வலி குறைந்தது, நடக்கும் தூரம் கூடியது, கணுக்காலில் ரத்த அழுத்தம் ஏறியது. உலகெங்கும் இதைப் பின்பற்றிச் சிறுசிறு ஆய்வுகள் தொடங்கின. பெரும்பாலானவை நற்செய்தியே கூறின.

பிறகு நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரில் ஜுவென்டாஸ் என்ற ஆய்வு நடந்தது. 2015-இல் முடிவு வந்தது. என் பார்வையில் இந்தத் துறையின் மிக நேர்மையான ஆய்வுகளில் அது ஒன்று. அடைப்பு முற்றி, அறுவையோ ஆஞ்சியோபிளாஸ்டியோ செய்ய வழியில்லாத 160 பேர். பாதிப்பேருக்கு அவரவர் மஜ்ஜை அணுக்களைத் தொடைத் தமனி வழியாக மூன்று முறை செலுத்தினார்கள். மீதிப்பேருக்கு அதே நிறத்தில் தோன்றும் போலித் திரவம். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஆறு மாதத்தில் பெரிய அளவில் காலை அகற்ற நேர்ந்தவர்கள் அணு பெற்ற குழுவில் 19 சதவீதம், போலி பெற்ற குழுவில் 13 சதவீதம். அந்த வேறுபாடு தற்செயலாக நேரக்கூடிய அளவுதான். அணுவால் கேடு வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் நன்மை இல்லை.

நான் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சுட்டுவது அந்த ஆய்வின் இன்னொரு முடிவை. வலி, வாழ்க்கைத் தரம், கணுக்கால் அழுத்தம், தோலின் ஆக்சிஜன் அளவு ஆகியவை இரு குழுவிலும் மேம்பட்டன. போலி ஊசி பெற்றவர்களும் தேறினார்கள்! ஆய்வில் சேர்ந்தவுடன் புண்ணுக்கு ஒழுங்கான கட்டு, சர்க்கரைக் கட்டுப்பாடு, கொழுப்பு மாத்திரை, புகையை விடச் சொல்லித் தொடர்ந்து வற்புறுத்தும் செவிலியர் என எல்லாம் கிடைத்துவிடுகிறது. நோய்க்கும் இயல்பாகவே ஏற்ற இறக்கம் உண்டு. மிக மோசமான நாளில்தான் ஒருவர் ஆய்வில் சேர்கிறார். ஒப்பீட்டுக் குழு இல்லாத அந்தச் சின்ன ஆய்வுகளில் இந்த முன்னேற்றம் எல்லாமே ஸ்டெம் செல்லின் கணக்கில் எழுதப்பட்டது. இஸ்ரேலின் ஹைஃபாவைச் சேர்ந்த ஒரு நிறுவனம் நஞ்சுக்கொடி அணுக்களைக் கொண்டு நடத்திய மூன்றாம் கட்ட ஆய்வும் இடைக்கால மதிப்பீட்டில் பலன் தென்படாததால் 2020 டிசம்பரில் நிறுத்தப்பட்டது.

இங்கே நம் நாட்டுக் கதைக்கு வருகிறேன். 1908-இல் நியூயார்க்கில் லியோ பர்கர் விவரித்த ஒரு நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது. கொழுப்புப் படிவதால் வரும் அடைப்பு இல்லை இது. புகையிலையைப் பயன்படுத்தும் இளைஞர்களின் சிறு தமனிகளும் சிரைகளும் அழற்சியுற்று ரத்தம் உறைந்து அடைபடுகின்றன. முப்பது நாற்பது வயது உழைப்பாளியின் விரல்கள் ஒவ்வொன்றாகக் கருகும். மேலைநாடுகளில் அருகிவிட்ட இந்த நோய், பீடி புழங்கும் நம் நாட்டில் இன்றும் எங்கள் வார்டுகளில் இருக்கிறது.   

பர்கர் நோயில் அடைப்பு பாதத்தின் நுண்தமனிகள் வரை இறங்கிவிடுவதால் பைபாஸ் செய்ய இடமிருப்பதில்லை. எனவே உயிரணு சிகிச்சையை இங்கே முயன்றது முறையான சிந்தனைதான். பெங்களூரைச் சேர்ந்த ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம், ஆரோக்கியமான கொடையாளர் சிலரின் மஜ்ஜையிலிருந்து பிரித்து வளர்த்துக் கலந்த இடையீட்டுத் திசு அணுக்களை ஒரு மருந்தாகவே உருவாக்கியது. ஸ்டெம்பியூசெல் என்று பெயர். உடல் எடையில் கிலோவுக்கு இருபது லட்சம் அணுக்கள் என்ற கணக்கில் கெண்டைச்சதையில் பல இடங்களில் செலுத்துகிறார்கள். பர்கர் நோயால் கால் இழக்கும் நிலையில் இருப்பவர்களுக்காக 2016-இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை இதற்கு வரையறுக்கப்பட்ட ஒப்புதல் தந்தது. 2020-இல் முழு ஒப்புதல். அணுக்கள் வெளியிடும் வளர்ச்சிக் காரணிகள் அருகிலுள்ள நுண்குழாய்களைப் பெருக்குகின்றன, அழற்சியைத் தணிக்கின்றன என்பது இதன் செயல்முறைக்குச் சொல்லப்படும் விளக்கம். இந்தியர்கள் இந்தியர்களின் நோய்க்காக ஒரு மருந்தை ஆய்வகத்திலிருந்து ஒப்புதல் வரை கொண்டுவந்தது பெருமைக்குரியது. அதை மனமாரச் சொல்கிறேன். ஒப்புதலுக்கு அடிப்படையான ஆய்வில் நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை, எந்த ஊசி என்பது மறைக்கப்படவுமில்லை. யூட்ரெக்ட்டில் போலி ஊசி பெற்றவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்ட பிறகு, இதன் பொருள் உங்களுக்கே விளங்கும்.

இதோடு ஒரு எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பர்கர் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1990-இல் வெளியிட்ட ஆய்வில், புகையை விட்டவர்களில் 94 சதவீதத்தினர் உறுப்பை இழக்கவில்லை. விடாதவர்களில் 43 சதவீதத்தினர் இழந்தார்கள். எந்த உயிரணுவும் இதுவரை இப்படியொரு வேறுபாட்டைக் காட்டியதில்லை. புகையிலையை விடுவது மனவுறுதியால் மட்டும் ஆகிற காரியமில்லை. மருந்தும் ஆலோசனையும் வேண்டும். ஊசிக்குச் செலவிடத் தயாராக இருக்கும் நம் மருத்துவமனைகள் அந்த ஆலோசனைக்கு ஓர் அறையும் ஓர் ஊழியரும் ஒதுக்கத் தயங்குகின்றன என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

இனி இதயம். 2000 ஜூன் மாதம் பாரிஸில் ஃபிலிப் மெனாஷே, நோயாளியின் தொடைத்தசையிலிருந்து துணையணுக்களை எடுத்து வளர்த்து, அவருடைய இதயத் தழும்புக்குள் செலுத்தினார். காலின் திறமையை இதயத்துக்குக் கொடுக்கும் அழகான எண்ணம். ஆனால் தொடையிலிருந்து வந்த அணு இதயத்துக்குப் போனாலும் தொடைத்தசையாகவே வளர்கிறது. பக்கத்து இதய அணுக்களோடு அதற்கு மின்தொடர்பு ஏற்படுவதில்லை. எல்லோரும் ஒரே தாளத்தில் துடிக்கும்போது அது தனித்து நிற்கிறது. சிலருக்குத் துடிப்புச் சீர்குலைவு வந்தது. 97 நோயாளிகளில் முறைப்படி ஒப்பிட்டுச் செய்த ஆய்வு 2008-இல் பலனில்லை என்று காட்டியது. அந்த ஆய்வை முன்னின்று நடத்தியவரும் அதே மெனாஷேதான். தன் எண்ணத்தைத் தானே கடுமையாகச் சோதித்து, தோல்வியை மறைக்காமல் அச்சேற்றிய அவரை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அடுத்த அத்தியாயம் அப்படிப்பட்டதில்லை. 2001-இல் டொனால்ட் ஆர்லிக், பியரோ அன்வெர்சா குழு நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. மாரடைப்பு உண்டாக்கிய எலிகளுக்கு மஜ்ஜை அணுக்களைச் செலுத்தினால், ஒன்பதே நாளில் சேதப் பகுதியின் 68 சதவீதத்தைப் புது இதயத்தசை நிரப்பிவிடுகிறது என்று அது சொன்னது. மருத்துவ உலகம் துள்ளியது. அந்த ஆண்டிலேயே ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் போடோ ஸ்ட்ராவர் மாரடைப்பு வந்த மனிதருக்கு மஜ்ஜை அணுக்களை இதயத்தமனி வழியாகச் செலுத்திவிட்டார். எலியில் கண்டதை வேறு ஆய்வகம் சரிபார்க்கும் வரைகூட யாரும் காத்திருக்கவில்லை. 2004-இல் சார்லஸ் மர்ரி குழுவும் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ராபின்ஸ் குழுவும் அதே இதழில் அதைச் சரிபார்த்து எழுதின: மஜ்ஜை அணு இதயத்தசையாக மாறுவதில்லை. அதற்குள் ஆயிரக்கணக்கான நோயாளிகளை நோக்கி ஆய்வுகள் நகர்ந்துவிட்டன.

அன்வெர்சா, இதயத்துக்குள்ளேயே குருத்தணுக்கள் உண்டு என்றும் எழுதிவந்தார். அவற்றை நோயாளிகளுக்குச் செலுத்தி 2011-இல் லான்செட்டில் வந்த ஆய்வு 2019-இல் திரும்பப் பெறப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, அக்டோபரில், அவருடைய ஆய்வகத்தின் 31 கட்டுரைகளில் புனைந்த அல்லது திருத்திய தரவுகள் உள்ளன, அவற்றைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஹார்வர்டு மருத்துவப் பள்ளியும் அதன் மருத்துவமனையும் இதழ்களுக்கு எழுதின. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஒரு துறையே அந்தத் தரவின் மேல் கட்டப்பட்டிருந்தது.

இதைவிட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது லண்டன் இம்பீரியல் கல்லூரியின் டாரல் ஃப்ரான்சிஸ் குழு 2014-இல் செய்த எளிய வேலை. மஜ்ஜை அணு இதய ஆய்வுகள் 49-ஐ எடுத்து, அவற்றில் உள்ள எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று மட்டும் பார்த்தார்கள். ஒரு பக்கத்தில் உள்ள நோயாளிகளின் எண்ணிக்கை அடுத்த பக்கத்தில் மாறுகிறதா, சதவீதம் கூட்டினால் சரியாக வருகிறதா என்பது போன்ற கணக்கு. 600-க்கு மேற்பட்ட முரண்கள் கிடைத்தன. முரண்கள் மிகுந்த ஆய்வுகள்தாம் இதயத்தின் திறன் மிகுதியாக உயர்ந்ததாகக் காட்டின. முரண் எதுவுமே இல்லாத ஐந்து ஆய்வுகளில் பலன் பூச்சியத்தை ஒட்டி இருந்தது. பள்ளிக் கணக்கு தெரிந்த எவரும் செய்திருக்கக்கூடிய சோதனை இது. இதழாசிரியர்களும் மதிப்பீட்டாளர்களும் செய்யாமல் விட்டார்கள். மாரடைப்பில் மஜ்ஜை அணுவுக்கு இறுதி விடை காண 3,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்ட ஐரோப்பிய ஆய்வால் 375 பேரையே சேர்க்க முடிந்தது. விடை கிடைக்காமலே 2020-இல் அது முடிந்தது.

அப்படியானால் எலிகளில் இதயம் கொஞ்சம் தேறியதாகப் பல நேர்மையான ஆய்வகங்களும் கண்டது எதனால்? 2019-இல் சின்சினாட்டியில் ஜெஃப்ரி மோல்கென்டின் குழு இதற்கு விடை தேடியது. உயிருள்ள அணுவைச் செலுத்தினார்கள்; உறையவைத்துக் கொன்ற அணுவைச் செலுத்தினார்கள்; அணுவே இல்லாமல் ஈஸ்டின் சுவரிலிருந்து எடுத்த ஒரு வேதிப்பொருளையும் செலுத்தினார்கள். மூன்றிலும் எலியின் இதயம் ஒரே மாதிரி தேறியது. செலுத்திய பொருள் ஒரு சிறிய அழற்சியைத் தூண்டுகிறது, விழுங்கணுக்கள் வருகின்றன, தழும்பின் ஓரம் உறுதிப்படுகிறது. புதுத்தசை எதுவும் பிறக்கவில்லை. செலுத்திய அணுக்களில் பெரும்பகுதி சில நாட்களுக்குள் மறைந்துவிடுகிறது என்ற பழைய புதிருக்கும் இது பொருத்தமாக இருந்தது.

இந்த முடிவைச் சிலர் உயிரணு சிகிச்சைக்கு வாசித்த இறுதி அறிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கெண்டைச்சதையில் விழுங்கணுவின் குணமாற்றம் துணையணுவை எழுப்புகிறது என்று முன்பு சொன்னேன். காலுக்கு அந்த வழியே போதுமானதாக இருக்கலாம். ஏனென்றால் அங்கே எழுப்புவதற்கு ஒரு குருத்தணு ஏற்கெனவே இருக்கிறது. மஜ்ஜை அணுவைத் தசைக்கான செங்கல்லாகக் கருதாமல் அழற்சியை வழிநடத்தும் மருந்தாகக் கருதி, எப்போது, எவ்வளவு, ரத்தத்தைத் திறந்துவிடுவதற்கு முன்பா பின்பா என்று கேட்டு ஆராய்வதற்கு இன்னும் நிறைய இடமிருக்கிறது. இதுவரை பெரும்பாலான ஆய்வுகள் எந்த வழியும் இல்லாத, ரத்தமே எட்டாத கால்களில்தான் நடந்தன. பைபாஸ் வெற்றி பெற்று ரத்தம் இறங்கிய பிறகும் மெலிந்தே கிடக்கும் தசையில் இவற்றைச் சோதிப்பதே நியாயமான அடுத்த படி என்பேன்.

இதயத்துக்கான வழி வேறு. அது நம்பிக்கையூட்டும் வழியும்கூட. கியோட்டோவில் ஷின்யா யமனாகா 2006-இல் எலியிலும் அடுத்த ஆண்டு மனிதரிலும், சாதாரணத் தோலணுவை நான்கு மரபணுக்களால் குருத்தணு நிலைக்குத் திருப்பினார். 2012-இல் நோபல் பரிசு பெற்றார். அப்படித் திரும்பிய அணுவை மறுபடி முதிரவைத்தால் தட்டில் துடிக்கும் உண்மையான இதயத்தசை கிடைக்கிறது. ஒசாகா பல்கலைக்கழகத்தின் யோஷிக்கி சவா, இத்தகைய அணுக்களை மெல்லிய ஏடுகளாக வளர்த்து, 2020 ஜனவரியில் முதல் நோயாளியின் இதயத்தின் மேல் பதித்தார். சுமார் பத்துக் கோடி அணுக்கள். அதற்கு முன் அவர் தொடைத்தசை அணுக்களால் செய்த ஏடு 2015-இல் ஜப்பானில் நிபந்தனையோடு ஒப்புதல் பெற்றது. பலனை உறுதிசெய்ய முடியாததால் 2024-இல் முழு ஒப்புதல் மறுக்கப்பட்டது. முதலில் அனுமதித்துவிட்டுப் பிறகு நிரூபிக்கச் சொல்லும் அந்த ஏற்பாட்டில் ஒன்பது ஆண்டுகள் நோயாளிகள் பயன் தெரியாத சிகிச்சையைப் பெற்றார்கள். நம் கட்டுப்பாட்டு அமைப்பு இதிலிருந்து கற்க வேண்டும்.

ஜெர்மனியின் கோட்டிங்கனில் வுல்ஃப்ராம் சிம்மர்மான் குழு கொலாஜனோடு சேர்த்து வார்த்த தடித்த தசைத்துண்டுகளைக் குரங்குகளில் பதித்து, அவை மாதக்கணக்கில் உயிரோடிருந்து சுவரைத் தடிக்கச் செய்ததை 2025 ஜனவரியில் வெளியிட்டது. அதே சிகிச்சை பெற்ற மனித நோயாளி ஒருவருக்குப் பின்னர் மாற்று இதயம் பொருத்தப்பட்டது. அகற்றிய பழைய இதயத்தை ஆராய்ந்தபோது, ஒட்டிய தசை பிழைத்து, அதற்குள் ரத்தக்குழாய்களும் வளர்ந்திருந்தன. நான் அந்தப் படங்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கடைமடைக்கும் நீர் போயிருந்தது.

தடைகள் பெரியவை. வேறொருவரின் அணு என்பதால் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து வேண்டும். முதிராத தசை தானாகவே துடிக்கும் இயல்புடையது. சியாட்டிலில் மர்ரி குழு குரங்குகளின் இதயத்துக்குள் நூறு கோடி அணுக்களைச் செலுத்தியபோது தசை பிழைத்தது, கூடவே ஆபத்தான துடிப்புக் கோளாறும் வந்தது. அதே ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் 2023-இல் அணுக்களின் மின்வாயில்களை ஆளும் நான்கு மரபணுக்களைத் திருத்திப் பன்றிகளில் அந்தக் கோளாறை நீக்கிக் காட்டினார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் எலிக்கும் மனிதனுக்கும் இடையில் இருந்த இடைவெளி ஓராண்டுகூட இல்லை. இப்போது அந்த இடைவெளியில் குரங்கும் பன்றியும் பத்தாண்டுப் பொறுமையும் இருக்கின்றன.

தொடக்கத்தில் சொன்ன நோயாளிக்கு நான் சொல்லும் பதிலை இப்போது சொல்லலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகளின்படி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற நிறுவப்பட்ட பயன்களுக்கு வெளியே குருத்தணுவைச் செலுத்துவது ஆய்வாகவே நடக்க வேண்டும். ஒப்புதல் பெற்ற மருந்தாக இருந்தால் எந்த நோய்க்கு ஒப்புதல் என்று கேளுங்கள். ஒரு நோய்க்குத் தந்த ஒப்புதல் இன்னொரு நோய்க்குப் பொருந்தாது. ஆய்வு என்று சொன்னால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். 2009 முதல் அந்தப் பதிவு கட்டாயம். ஆய்வில் சேர்பவரிடம் அந்தச் சிகிச்சைக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கட்டிவிட்டு, ஊசி போட்ட சில வாரங்களில் அழுகிய காலோடு அரசு மருத்துவமனைக்கு வருபவர்களை நாங்கள் பார்க்கிறோம். பைபாஸுக்கு இருந்த வாய்ப்பு அந்த வாரங்களில் போய்விடுகிறது. பணம் போனதைவிட அதுதான் ஈடுசெய்ய முடியாத இழப்பு.

நம் நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் உண்டு என்று 2023-இல் வெளியான தேசிய ஆய்வு கணக்கிட்டது. அவர்களின் கால்களுக்கான உயிரணு ஆய்வை ஹைஃபாவோ யூட்ரெக்ட்டோ நமக்காகச் செய்து தர முடியாது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி வளாகத்தில் குருத்தணு ஆய்வு மையம் இருக்கிறது. அறுவைத் திறன் நம் அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது, நோயாளிகளும் அங்கே இருக்கிறார்கள். ரத்த ஓட்டத்தை மீட்ட பிறகு குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து, ஓராண்டில் காலோடும் உயிரோடும் இருப்பவர் எத்தனை பேர் என்று எண்ணும் ஒரு பெரிய ஆய்வை நாம் நடத்த முடியும். தோல்வியில் முடிந்தாலும் அதை அச்சிட முடியும்.

அந்த ஆய்வு தொடங்கும் நாளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்றும் உண்டு. கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்தால் வரும் எண் 0.9-க்குக் கீழே இருந்தால் கால் தமனியில் அடைப்பு உண்டு என்று பொருள். நீண்டநாள் சர்க்கரை உள்ளவர்களுக்குத் தமனிச்சுவர் இறுகி அந்த எண் பொய்யாக உயர்வதால், அவர்களுக்குக் கால் கட்டைவிரலின் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். கையடக்க டாப்ளர் கருவியும் சாதாரண ரத்த அழுத்தக் கருவியும் இருந்தால் ஒரு செவிலியர் கால்மணி நேரத்தில் முதல் சோதனையைச் செய்துவிடலாம். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரை மாத்திரை வாங்க மாதந்தோறும் வரிசையில் நிற்பவர்கள் எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும் என்று அரசுக்கு இந்த மேடையிலிருந்து வேண்டுகோள் வைக்கிறேன். இங்கே வந்திருக்கும் மருத்துவ மாணவர்கள், நாளை வார்டுக்குப் போனதும் நோயாளியின் காலுறையைக் கழற்றி, பாதத்தின் மேல் விரல் வைத்து நாடியைத் தேடிப் பாருங்கள்.